பாயை நனைக்கும் பிள்ளையும் பதில் சொல்லாத அம்மாவும்!

"பொண்ணுக்கு ஏழு வயசாகியும் பாயை நனைக்கிறா" என்று தாய் வெளியில் சொல்வதில்லை. "தும்மினால் சொட்டிவிடுகிறது" என்று தன் தொல்லையையும் சொல்வதில்லை. இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் வெட்கம் நம் வாயைக் கட்டிவிடுகிறது.

எங்கள் ஆரோவில் பக்கத்துக் கிராமங்களில் பாயை நனைக்கும் பிள்ளைக்கு, "சூடு வெச்சிடுவேன்" என்ற மிரட்டல்தான் முதல் வைத்தியம், அடுத்தது தாயத்து. தூக்கத்தில் நடப்பதைப் பிள்ளை வேணும்னு செய்வதில்லை. 5 வயசில் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. அப்பா, அம்மாவுக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்கள். நிறைந்த குடல் சிறுநீர்ப் பையை அழுத்தும். பகலில் நன்றாகத் தண்ணீர் கொடுத்து, படுக்கும் முன் போய்வரச் சொல்லுங்கள். ஆறு மாசம் நின்றிருந்து மறுபடி வந்தாலோ, எரிச்சல், அதிக தாகம் இருந்தாலோ, பகலிலும் நனைத்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சின்ன வயசில் இப்படி இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் அவசரம் அதிகம் வருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. நம் இடுப்புக்கு அடியில் சிறுநீர்ப் பையையும் கர்ப்பப் பையையும் தூளி போலத் தாங்கும் தசை இருக்கிறது. பிரசவம், விடாத இருமல், மலச்சிக்கல், பாரம் சுமப்பது எல்லாம் அதைத் தளர்த்தும்.

மரக்காணம் உப்பளத்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். தலையில் உப்புச் சுமை, மேலே வெயில். வெட்டவெளியில் ஒதுங்க மறைவு இல்லாததால் பலர் தண்ணீரைக் குறைத்து, அடக்கி வைக்கிறார்கள். 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளர்களைச் சோதித்ததில், 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

தளர்ந்த தசைக்குப் பயிற்சி இருக்கிறது. 1948ல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் இதை எழுதினார். காற்றை அடக்குவது போல அந்தத் தசையை உள்ளே இழுத்து, 5 எண்ணும்வரை பிடித்து, 5 எண்ணும்வரை விடுங்கள். மூச்சை அடக்காதீர்கள், வயிறு, தொடையை இறுக்காதீர்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. பலன் தெரிய மூணு மாசம் ஆகலாம். எங்கள் தெரு அக்கா ஒருத்தர் சொட்டுக்குப் பயந்து பஸ் ஏறுவதையே நிறுத்தியிருந்தார். நர்சம்மா சொன்னபடி செய்தார். இப்போது புதுச்சேரிக்குத் தனியாகப் போய் வருகிறார். பயிற்சியில் குறையாவிட்டாலும், ரத்தம், வலி, அடியில் ஏதோ இறங்குவது போல் இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

சகோதரிகளே! பிள்ளையை அடிக்காமல் பாயை மாற்றுங்கள். உங்கள் தொல்லையை நர்சம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உப்பளம் நடத்துபவர்களே, பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குடம் குடிநீரும் வையுங்கள். சுமக்கிற உப்புக்கு அது பெரிய விலையில்லை.

- ஒரு வாசகி, ஆரோவில்