கடலுக்குள் உல்லாசப் பயணம்! கடைசி நாள் மூழ்கக் கூடாது!

தென் அமெரிக்காவுக்கு வடக்கே, கரீபியன் கடலில் போனேர் என்ற சிறு தீவு இருக்கிறது. இது நெதர்லாந்துக்குச் சொந்தம். 1979-ம் ஆண்டு முதல் தீவைச் சுற்றியுள்ள கடல், பாதுகாக்கப்பட்ட பூங்கா!

இங்கே பல இடங்களில் படகே தேவை இல்லை. சாலை ஓரத்து மஞ்சள் கல்தான் அடையாளம். முதுகில் காற்று சிலிண்டருடன் அங்கே இறங்கினால், பவளப் பாறையும் வண்ண மீன்களும்!

ஆனால், பயணத் திட்டத்தில் முதலில் குறிக்க வேண்டியது கடைசி நாளை. ஏன்?

ஆழத்தில் சுவாசிக்கும்போது, காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்பில் அதிகமாகக் கரைகிறது. உடனே விமானம் ஏறினால் ஆபத்து! உயரத்தில் காற்றழுத்தம் குறையும். சோடா புட்டியைத் திறந்தது போல, உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். கை, கால் முடங்கலாம். உயிரே போகலாம்!

பல தடவை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பொறுத்தே விமானம் ஏற வேண்டும். அன்று கரையில் உலாவலாம். பத்திரமாக வீடு திரும்பலாம்!