கம்பும் கொழுக்கட்டைப் புல்லும் ஒரே குலம்

காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லின் கதிர் ஒன்றை அடியிலிருந்து உருவிப் பாருங்கள். உள்ளங்கையில் சேர்வது வெறும் விதையல்ல. மயிர் போர்த்திய சிறு உருண்டைகள். கம்பங்கதிரைப் பிரித்தாலும் மணிகளின் அடியில் அதே மயிர், குட்டையாக இருக்கும்.

இந்த மயிர்தான் குலத்தின் அடையாளம். மயிர்கள் அடியில் ஒட்டியிருந்தால் சென்க்ரஸ், தனித்தனியாக நின்றால் பென்னிசெட்டம் என்று தாவரவியலார் நெடுங்காலம் இரண்டாகப் பிரித்துவைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு அந்தக் கோட்டை அழித்தது. 2010இல் பென்னிசெட்டத்தை சென்க்ரஸுடன் சேர்த்தார்கள். நாம் கூழ் காய்ச்சும் கம்பு, யானைப்புல் எனப்படும் நேப்பியர், கொழுக்கட்டைப் புல் மூன்றும் இன்று ஒரே பேரினம். சென்க்ரஸ் என்பதே சிறுதானியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

சில இனங்களில் மயிர் முள்ளாக இறுகிவிடும். துணியிலும் ஆட்டு ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பரவும். ராஜஸ்தான் பாலையில் 'புருட்' எனப்படும் அத்தகைய முள்புல்லின் மணியைப் பஞ்சகாலத்தில் மக்கள் உணவாக்கியிருக்கிறார்கள்.

கொழுக்கட்டைப் புல்லின் பலம் அதன் தூரில் இருக்கிறது. மேலே எல்லாம் காய்ந்தாலும் ஒரு மழைக்குத் தூர் மறுபடி துளிர்க்கும். கொறங்காட்டுக்கு அது வரம். மேய்ச்சலுக்கென்று கொண்டுபோன அமெரிக்காவின் அரிசோனாவிலோ அதுவே வினையானது. சொனோரா பாலையில் செடிகளுக்கிடையே இருந்த வெற்றுத்தரையை இந்தப் புல் அடைத்துவிட்டதால், தீ தாவிப் பரவ வழி கிடைத்தது. தீக்குப் பழகாத சகுவாரோ கள்ளிகள் கருகுகின்றன. புல் மட்டும் தூரிலிருந்து திரும்ப எழுகிறது.

பால் மாடு வைத்திருப்போருக்குத் தெரிந்த கோ-4, கோ-5 தீவனப்புற்கள் இதே குலத்துக் கம்பையும் நேப்பியரையும் கலந்து உருவாக்கியவை. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. இரண்டிலும் பாதிப்பாதி சேர்ந்த பிள்ளைக்கு 21. ஒற்றைப்படை என்பதால் அவை சரியாக இணை சேர்வதில்லை. கதிர் வந்தாலும் முளைக்கும் விதை பிடிக்காது. இரண்டு பருக் கரணையை நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

ஆகவே, கோ-5 விதை என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் கரணை கேளுங்கள்.