கடைக்கண்ணில் ஒரு குட்டி ஆட்டம்… தெரியுமா?

தலையை அசைக்காமல் கருவிழியை மட்டும் வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். இன்னும்… இன்னும் கொஞ்சம்! இப்போது எதிரில் இருப்பவர் உங்கள் கண்ணை உற்றுப் பார்க்கட்டும். கருவிழி இரண்டு மூன்று முறை வெட்டிவிட்டு அடங்குவதை அவர் பார்க்கக்கூடும்! இது இமைத் துடிப்பு அல்ல, விழியே ஆடுகிறது. நோயா? இல்லவே இல்லை! ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் இப்படித்தான்.

ஏன் என்று தெரியுமா? விழியைச் சுற்றியிருக்கும் தசையும் திசுவும் ரப்பர் மாதிரி அதை நடுவுக்கே இழுக்கின்றன. ஓரத்தில் நிறுத்திவைக்க மூளைத்தண்டு இடைவிடாமல் கட்டளை அனுப்ப வேண்டும். கடைக்கோடியில் அந்தப் பிடி கொஞ்சம் தளர, விழி மெல்ல நழுவுகிறது. மூளை விடுமா? வெடுக்கென்று மறுபடி ஓரத்துக்கு இழுத்துவிடும்!

இதன் மருத்துவப் பெயர் நிஸ்டாக்மஸ். தூக்கத்தில் தலை ஆடி விழுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது! உட்கார்ந்தபடி தூங்குபவரைப் பாருங்கள்: தலை மெல்லச் சாயும், சட்டென்று நிமிரும். கண் ஆடுவதும் அச்சு அசலாக அப்படியே!

ரயிலில் ஜன்னலோரம் இருப்பவரின் கண்ணைக் கவனித்ததுண்டா? ஓடும் மரத்தைத் தொடரும், வெடுக்கென்று திரும்பும், அடுத்த மரத்தைப் பிடிக்கும். அதுவும் இதே இனம்தான்!

காதில் தண்ணீர் விட்டாலும் கண் ஆடும், தெரியுமா? குளிர்ந்த நீருக்கு ஒரு பக்கம், வெந்நீருக்கு மறுபக்கம்! வியன்னாவில் நோயாளிகளின் காதைக் கழுவியபோது இதைக் கவனித்து ஆராய்ந்தார் ராபர்ட் பாரனி. 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குத்தான். அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவின் போர்க்கைதி!

மது உள்ளே போனால் மூளையின் பிடி சீக்கிரமே தளரும். அதனால்தான் அமெரிக்கப் போலீசார் ஓட்டுநரின் கண்முன் பேனாவை நகர்த்தி, பார்வை 45 டிகிரியை எட்டுமுன்பே விழி ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள்!

கடைக்கோடியில், இரு பக்கமும் ஒரே மாதிரி, சில வெட்டுகளோடு ஆட்டம் நின்றுவிட்டால் பயமே வேண்டாம். நேராகப் பார்க்கும்போதே ஆடினாலோ, ஒரு பக்கம் மட்டும் ஆடினாலோ, தலைசுற்றலோ இரட்டைப் பார்வையோ சேர்ந்து வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.