ஒரு நடைக்கு ஓர் ஆள்: முதல் ஹெலிகாப்டர் மீட்பு

போரில் விழுந்த விமானியை ஹெலிகாப்டர் மீட்ட முதல் நிகழ்வுக்கு இந்திய மண்தான் புறப்பட்ட இடம். 1944 ஏப்ரலில், பர்மாவில் ஜப்பானியப் படைகள் நடமாடிய பகுதியில் அமெரிக்கச் சிறு விமானம் ஒன்று விழுந்தது. விமானி எட் ஹ்லடோவ்சாக்கும், அவர் ஏற்றிவந்த மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் உயிர் பிழைத்துக் காட்டில் ஒளிந்தனர். அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் விமானி, சிக்கோர்ஸ்கி ஒய்.ஆர்-4பி ஹெலிகாப்டரில் மலைகளைக் கடந்து வந்தார்.

ஹெலிகாப்டர் எங்கும் இறங்கும், எங்கிருந்தும் எழும் என்று திரைப்படங்கள் நம்பவைத்திருக்கின்றன. அது பாதி உண்மைதான். மேலே சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுவதால்தான் அது மிதக்கிறது. வெப்பநிலை 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி 6 விழுக்காட்டுக்கு மேல் குறையும். தள்ளுவதற்குக் கிடைக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தான் உறிஞ்சுகிறது. அதன் திறனும் இறங்கும். பர்மாவில் ஏப்ரல் கடும் கோடை. ஹார்மனின் எஞ்சினோ ஏறத்தாழ 200 குதிரைத்திறன்தான். விமானியைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்ற முடியும்.

இதில் வியப்பூட்டும் சங்கதி, மிதமான வேகத்தில் பறப்பதைவிட அந்தரத்தில் நிற்பதற்கே அதிகத் திறன் தேவை என்பது. திருவண்ணாமலை, வேங்கிக்கால் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலை நீச்சலில் சீக்கிரமே மூச்சு வாங்கும். முன்னோக்கி நீந்தினால் உடம்பு லேசாகும். நின்ற இடத்தில், ஏற்கெனவே கீழே தள்ளிய தண்ணீரையே கால் மறுபடி உதைக்கிறது. நகர்ந்தால் கலங்காத புதுத் தண்ணீர் கிடைக்கிறது. அந்த நீச்சல்காரர் தோளில் இன்னோர் ஆளும் இருந்து, கிணற்றில் பாதி நுரையாகவும் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் கோடையில் ஆளேற்றிய ஹெலிகாப்டரின் நிலையும். மணிக்கு 30 முதல் 45 கி.மீ. வேகத்தை எட்டிய பிறகே இறக்கைகளுக்குப் புதுக் காற்று கிடைத்துப் பாரம் குறையும். அதுவரை தரையையொட்டி இருக்கும்போது கிடைக்கும் கூடுதல் தாங்கல்தான் துணை. உயரமான மரங்கள் சூழ்ந்த இடத்தில் ஓடி வேகமெடுக்க இடமே இருக்காது.

ஏப்ரல் 25 அன்று ஹார்மன் காயமுற்ற இருவரை ஒவ்வொருவராக ஆற்று மணல்திட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சிறு விமானம் அவர்களை ஏற்றிச் சென்றது. எஞ்சின் அளவுமீறிச் சூடேறியதால் இரவை மணல்திட்டிலேயே கழித்தார். மறுநாள் மற்ற இருவரையும் மீட்டார். கடைசியாக ஏறியவர் ஹ்லடோவ்சாக்.

பின்னாளில் எஞ்சின்கள் வலுப்பெற்றன. 1972இல் லாமா ஹெலிகாப்டர் 12,442 மீட்டர் உயரம் எட்டிச் சாதனை படைத்தது. அதன் இந்திய வடிவமான சீட்டா சியாச்சினில் வீரர்களை மீட்டது. அங்கும், உயரத்தால் மெலிந்த காற்றுதான் எத்தனை பேரை ஏற்றலாம் என்று முடிவு செய்கிறது. எந்திரம் எல்லாம் செய்யும் என்ற நம்பிக்கையில் பிறந்ததல்ல ஹார்மனின் துணிச்சல். அதன் எல்லை தெரிந்தும், நான்கு உயிர்களுக்காக நான்கு முறை அந்தக் காட்டுக்குள் போனதே அவருடைய வீரம்.