பழைய ஜீப்பை உப்பிடமிருந்து காப்பது எப்படி?

1990 இலும், பின்னர் 2007 முதல் 2009 வரையிலும் ஊர்களை விட்டு எழுந்த எமது மன்னார் விவசாயக் குடும்பங்களுள் சில, இன்றும் ஓரிடத்தில் குடியிருந்து வேறோரிடத்தில் வயல் செய்கின்றன. விதைநெல், உரம், நீர் இறைக்கும் இயந்திரம், வேலைக்கு வருவோர் என எல்லாவற்றையும் சுமப்பது இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய ஜீப்தான். அது நின்றால் அந்தப் போகமே நின்றுவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய வண்டி எமக்கு எட்டாக்கனி. ஆகவே கையில் உள்ளதைக் காப்பாற்ற வேண்டியுள்ளது.

எஞ்சின் பழுதானால் பிரித்துப் பூட்டலாம், வேறொன்று மாற்றலாம். ஆனால் செசி எனப்படும் அடிச்சட்டம் கறள் பிடித்து உக்கிவிட்டால் வண்டி இரும்புக் கடைக்குத்தான். மன்னாரில் இதற்குக் காரணம் ஓட்டமல்ல, உப்பு. சோளகம் வீசும் மாதங்களில் கடலோர வீதிகளில் ஓடும் வண்டியின் அடியில் உப்புத் துகள் படிகிறது. அதன்மேல் வயற்சேறு ஒட்டினால் ஈரம் காயாது, கறள் இரவு பகலாக வேலை செய்யும்.

லான்ட் றோவர் வைத்திருப்போர், "இது அலுமினியம், கறள் பிடிக்காது" என்பர். அது பாதி உண்மையே. 1948 இல் இவ்வண்டி வெளிவந்தபோது, உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் உடற்பகுதிக்கு அலுமினியக் கலவைத் தகடு பாவித்தார்கள். அடிச்சட்டமோ இரும்புதான். அதுவும் உள்ளே கோறையான பெட்டிச் சட்டம். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளிருந்து உக்கும். போதாக்குறைக்கு, அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அங்கே பற்றரி போன்ற தாக்கம் உண்டாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். தகடு கழற்றிப் பூட்டும்போது இடையில் பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றை வெட்டி வைத்தால் இது பெரிதும் குறையும்.

மாதம் ஒருமுறை சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். சட்டத்தின் அடியில் நீர் வடியவென விட்ட துளைகள் சேற்றால் அடைபட்டிருக்கும். கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, நன்கு காயவிட்டு, சிவப்பு ஒக்சைட் வர்ணம் பூசுங்கள். சிலர் கழிவு எஞ்சின் ஒயிலை அடியெங்கும் அடிக்கிறார்கள். அது பிரேக் குழாய் றபரையும் புஷ்களையும் ஊதவைக்கும். ஆழமில்லாத மணற் கிணறுகள் உள்ள எமது தீவில் அது நிலத்தில் சிந்துவது குடிநீருக்கும் கேடு.

கழுவும் நீரையும் கவனிக்க வேண்டும். உவர்க்கிணற்று நீரால் கழுவுவது உப்பின்மேல் உப்புப் பூசுவதாகும். நல்ல நீர் இரண்டு வாளி கிடைத்தாலும் அதை அடிச்சட்டத்துக்கே ஊற்றுங்கள். மேலே துணியால் துடைத்தால் போதும். றேடியேற்றருக்கும் உவர்நீர் ஆகாது, மழைநீர் சேமித்து ஊற்றலாம். குளத்துக்குள் வண்டியை இறக்கிக் கழுவ வேண்டாம். மாடும் மனிதரும் குடிக்கும் நீர் அது.

மாரியில் கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வாய்க்கால்களில் வண்டி இறங்க நேரிடும். ஓடிச் சூடான டிபரன்சியல் பெட்டி குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல்களின் வழியே நீரை உறிஞ்சும். மேலேயுள்ள மூச்சுத் துளை அடைபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆதலால் அன்றிரவு வண்டியை நிறுத்திவைத்து, காலையில் வடிக்கும் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். முதலில் நீர் சொட்டினால், அல்லது ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால், முழுவதையும் மாற்ற வேண்டும். இதற்கு முன் ஒயில் ஊற்றும் நட்டு கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இறுகியிருந்தால் வடித்த ஒயிலுக்குப் பதில் ஊற்ற வழியிராது! கிறீஸ் நிப்பிள்களுக்கும் பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும்.

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வடக்கில் பெற்றோல் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடினோம். அன்று வேறு வழியில்லை. இன்று செலவைக் குறைக்க டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது வேறு விடயம். டீசலுக்குள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லாததால் டீசல் பம்ப் தேயும். எஞ்சின் ஒயில் அளவு குறைந்தால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். அளவுக்கோலில் ஒயில் கூடிக்கொண்டு போனாலும் ஆபத்தே. எரிபொருளோ நீரோ உள்ளே இறங்குகிறது என்பது பொருள்.

வண்டியின் கீழே படுப்பவர்கள் இதை மறக்கக்கூடாது: பழைய லான்ட் றோவரின் கைபிரேக் சில்லுகளில் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டில் பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றை ஜக்கால் தூக்கியதும் அச்சில்லு தனியே சுழலும். கைபிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். ஆகையால் தரையிலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். மணலில் ஜக்கின் கீழ் தடித்த பலகை வேண்டும். தூக்கிய பின் அச்சின் கீழே பனங்குற்றி கொடுக்காமல் ஒருவரும் உள்ளே போகவேண்டாம், பிள்ளைகளையும் கிட்ட விடவேண்டாம்.

பிரேக் குழாய்களையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் கராஜில் விடுவதே நல்லது. செசியில் ஒட்டுவேலை செய்யக் கொடுக்கும்போது பற்றரி வயர்களையும் எரிபொருள் தாங்கியையும் முதலில் கழற்றச் சொல்லுங்கள். ஒட்டு முடிந்து ஆறியதும், அன்றைக்கே அவ்விடத்துக்கு வர்ணம் பூசிவிடுங்கள்.