ஒரு சட்டி, இருபது தாள்: இரண்டாம் சுற்று எப்படி இயங்குகிறது?

மன்னார், பேசாலையில் ஒரு கலியாண வீடு. பகல் சாப்பாட்டுக்கு இருபது பேர். குசினியில் பெரிய சட்டி ஒன்றுதான், ஆகவே ஒரே கறிதான். கணவாயா, நண்டா, திருக்கையா? பெரியம்மா ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுக்கிறார். முதலில் விரும்புவதற்கு 1, அது இல்லையென்றால் 2, அதுவும் இல்லையென்றால் 3.

முதல் எண்ணிக்கை

கணவாய் 8, நண்டு 7, திருக்கை 5. பாதியைத் தாண்ட 11 வேண்டும், ஒன்றும் தாண்டவில்லை. முதல் இரண்டும் நிற்க, திருக்கை விலகுகிறது. திருக்கை கேட்ட ஐவரின் தாள்களைப் பெரியம்மா மறுபடி பிரிக்கிறார். நான்கில் 2 நண்டுக்கு. ஒன்றில் 1ஐத் தவிர வேறெதுவும் இல்லை. நண்டு 11, கணவாய் 8. நண்டு சட்டிக்குப் போகிறது.

அந்த ஐவருமே 1ஐ மட்டும் எழுதியிருந்தால்? எட்டுக்கு ஏழு என்று கணவாய் வென்றிருக்கும். அதே ஆட்கள், அதே ருசி. எழுதாமல் விட்ட ஓர் எண் கறியையே மாற்றிவிடும்.

வாக்குச்சீட்டில் இதே கணக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ், ஜோர்ஜியா மாநிலங்களில், கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் தேர்தலில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவருக்காக இன்னொரு நாள் வாக்களிப்பு நடக்கும். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அந்த இரண்டாம் சுற்று அதே வாக்குச்சீட்டுக்குள் இருக்கிறது. விலகியவரின் சீட்டில் 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அவரும் விலகியவர் என்றால் 3ஐப் பார்ப்பார்கள்.

1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது முதல் ஏட்டில் மட்டும் இருந்த இந்த எண்ணிக்கை, 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக நடந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915 வாக்குகள், சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. இருவரும் பாதியைத் தாண்டவில்லை. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் மறுபடி பிரிக்கப்பட்டன.

வேலிக்கு அப்பால் பந்தயம்

பெரியம்மா தாளைப் பிரிக்கும்போது, அயல்வீட்டார் வேலியடியில் நின்று என்ன கறி என்று பந்தயம் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணிப்புச் சந்தையின் வேலை அதுதான். 'நண்டு' என்ற சீட்டை வைத்திருப்பவருக்கு, நண்டு சமைத்தால் 100 ரூபாய், இல்லையேல் ஒன்றுமில்லை. அந்தச் சீட்டு 54 ரூபாய்க்குக் கைமாறினால், நண்டுக்கு 54 வீத வாய்ப்பு என்பது சந்தையின் கணிப்பு.

இரண்டு சுற்று என்றால் விலைக்குள் இரண்டு கேள்விகள் இருக்கும். முதல் இரண்டுக்குள் வருமா? வந்தால் வெல்லுமா? முன்னதற்கு 90 வீதம், பின்னதற்கு 60 வீதம் என்றால், பெருக்க வருவது 54. முதல் எண்ணிக்கை முடிந்ததும் முதல் கேள்வி தீர்ந்துவிடும். அதன்பின் விலையை ஆட்டுவது திருக்கைக்காரரின் ஐந்து தாள்கள் மட்டுமே.

2024க்கும் அப்படிக் கணக்குப் போடலாம். சஜித் 12,71,880 வாக்குகள் பின்னால் நின்றார். மீதிச் சீட்டுகள் எல்லாவற்றிலும் இருவரில் ஒருவருக்கு விருப்பு எழுதப்பட்டிருந்தாலும், நூற்றுக்கு ஏறத்தாழ 69 அவருக்கு வந்தால்தான் முந்தலாம். நடந்ததோ வேறு. அவருக்கு 1,67,867, அநுரவுக்கு 1,05,264. இரண்டும் சேர்ந்து 2,73,131, அதாவது மீதிச் சீட்டுகளில் 8 வீதமளவு. மற்ற முப்பது இலட்சம் சீட்டுகள் கடைசிச் சுற்றில் வாய் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் சந்தை தடுமாறும். யாருக்கு எவ்வளவு ஆதரவு என்று ஓரளவு கணிக்கலாம். எத்தனை பேர் 2 எழுதுவார்கள் என்று கணிப்பது கடினம். அதோடு, 80 ரூபாய் விலையிலும் ஐந்தில் ஒரு பங்கு தோல்விக்கு இடமுண்டு. 2016 ஜூன் 23இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்கும் என்றுதான் பந்தயச் சந்தைகள் சொல்லின. ஆனால் 51.9 வீதத்தினர் வெளியேற வாக்களித்திருந்தார்கள்.

மன்னாருக்கு இதில் என்ன?

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2024இல் சஜித் முதலிடம். ரணில் விக்கிரமசிங்கவுக்கு 52,573, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 36,377 வாக்குகள். இந்த இருவருக்கும் விழுந்த ஏறத்தாழ 89 ஆயிரம் சீட்டுகளும் மறுபடி பிரிக்கப்பட்ட கூட்டத்தில்தான் இருந்தன.

2 எழுதினால் 1 பலவீனப்படும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. உங்கள் முதல் வேட்பாளர் களத்தில் இருக்கும்வரை யாரும் 2ஐப் பார்ப்பதில்லை. அவர் விலகிய பிறகுதான் அது எண்ணப்படும். சங்குக்கு 1 போட்டவர் கொள்கையை விடாமலே, கொழும்பில் அமரப்போவது யார் என்பதிலும் ஒரு சொல் சொல்லலாம். சின்னக் கட்சிகளுக்கும் பொதுவேட்பாளர்களுக்கும் வாக்களிக்கும் எங்களுக்குத்தான் அந்த இரண்டாம் எண் அதிகம் தேவை. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் மூன்று எண்களையும் எழுதுங்கள். வீட்டிலுள்ளவர்களுக்கும் எழுதக் காட்டிக்கொடுங்கள்.