வளர்ப்பு இல்லமும் பிள்ளையின் விருப்பமும்

பெற்றோரால் பேண இயலாத பிள்ளையைச் சட்டத்தின் வழியே பிறிதொரு குடும்பத்தில் குறித்த காலத்துக்கு வாழச் செய்வதே வளர்ப்புப் பராமரிப்பு எனப்படும். இது சுவிகாரம் அன்று. பெற்றோருடன் பிள்ளைக்குள்ள உறவு இதனால் அற்றுப்போவதில்லை. இல்லத்தைத் தெரிந்தெடுக்கையில் பிள்ளையின் விருப்பத்திற்குரிய இடம் யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவூர்களில் இவ்வினா தனி முக்கியத்துவம் உடையது. கோர்வைச் சேலை நெய்கையில் கரைக்குரிய நாடாவை வீச நெசவாளருக்குத் துணையாள் ஒருவர் தேவை. இவ்வேலையில் நெடுங்காலம் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். முன்பணம் பெற்றுப் பிள்ளைகளைப் பிறர் தறிக்கு அனுப்பும் வழக்கமும் இவ்வட்டாரத்தில் இருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. எனினும் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தினரின் உதவியுடன் நடைபெறும் தொழிலுக்கு விலக்களித்தது. கூலிக்கு வந்த பிள்ளையையும் உறவினர் எனக் காட்ட இது இடந்தந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தமோ, குடும்பம் என்பது தாய், தந்தை, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரே என வரையறுத்தது. வளர்ப்புக் குடும்பம் இப்பட்டியலில் இல்லை.

ஆதலின், பிறர் வீட்டில் விடப்படுதல் என்றாலே வேலைக்கு விடப்படுதல் என அஞ்சும் பிள்ளைக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வீட்டில் யார் யார் உளர்? தம்பியும் உடன் வருவானா? அம்மாவைக் காண முடியுமா? எத்தனை நாள் இருக்க வேண்டும்? இவற்றுக்கு விடையறியாமல் அனுப்பப்படும் பிள்ளை, அன்புள்ள இல்லத்திலும் அந்நியனாகவே உணரக்கூடும்.

பிள்ளையின் குரலைக் கேளாமையின் கேட்டினைப் பிறநாட்டு வரலாறும் காட்டுகிறது. இங்கிலாந்தில் பண்ணை வீடொன்றில் வளர்க்க விடப்பட்ட டென்னிஸ் ஓநீல் என்னும் 12 வயதுச் சிறுவன், 1945இல் அடியாலும் புறக்கணிப்பாலும் இறந்தான். இதனால் எழுந்த அதிர்ச்சி, 1948ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பிறக்க ஒரு காரணமாயிற்று.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைக் கூறும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கிறது. உடன்பிறந்தோரைக் கூடியவரை பிரிக்கலாகாது என்றும், குழந்தைகள் நலக் குழு வளர்ப்பு இல்லத்தை மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்றும் கூறுகிறது. எனினும் அதிகாரியின் முன் பிள்ளை மனந்திறவாதிருக்கலாம்.

இங்கேதான் ஆயரின் பணி தொடங்குகிறது. சபையார் ஒருவர் வளர்ப்புப் பெற்றோராக முன்வருகையில், அவருடைய நோக்கத்தை ஆயர் அறிதல் வேண்டும். வீட்டுவேலைக்கு ஆள் தேடுவோரையும், சாதி பார்த்துப் பிள்ளை கேட்போரையும் ஊக்குவித்தலாகாது. பிள்ளை குடியேறுமுன் இரு சாராரும் சிலமுறை சந்தித்துப் பழகுமாறு குழுவினரைக் கேட்டுக்கொள்ளலாம். "வேண்டாம்" எனப் பிள்ளை கூறினால், அதை நன்றிகெட்ட தன்மையாகக் கருதாமல் காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

தாய் தந்தையற்ற எஸ்தரை வளர்த்த மொர்தெகாய், அவள் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட பின்னும் அவள் நலம் அறிய நாள்தோறும் முற்றத்தின் முன்பாக உலாவினான் (எஸ்தர் 2:11). பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்த பின்பு, நம் விசாரிப்பும் அவ்வாறே தொடர்தல் வேண்டும்.